சிவப்பு நூல் தைத்த ஆறு மூட்டை

அத்தியாயம் 9

எழிலரசி மாடி அறையின் சீலிங்கைப் பூசி முடித்துச் சாரத்தை விட்டு இறங்கினாள், தங்கராஜ் ஒரு வார்த்தை பேசாமல் அவளுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தான் என்ற இடத்தில் போன வாரம் நிறுத்தியிருந்தேன். அந்த ஒரு டீக்கா எட்டு வாரம் காக்கவைத்தீர்கள் என்று ஒரு வாசகி கோபமாகக் கேட்டிருக்கிறார். புருஷன்மார்கள் டீ வாங்கித் தருவதற்கு எட்டு வருஷம் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும், அம்மா. கொஞ்சம் பொறுங்கள்.

அந்த டீ குடித்துப் பத்து நாள் ஆகிவிட்டது. இன்று புதன்கிழமை.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்கு இரண்டு வரி. எழிலரசிக்கு முப்பத்தொரு வயது. பதினொரு வருஷம் சித்தாளாகக் கலவை சுமந்தவள். கலவையைத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுப்பது பெண், வாங்கிச் சுவரில் பூசுவது ஆண் என்பது யாரும் எழுதிவைக்காத சட்டம். சென்னீர்குப்பத்துப் பயிற்சி மையத்தில் பூச்சு வேலை கற்றுத்தருகிறார்கள், மூன்று மாதம், பெண்களும் சேரலாம் என்று கேள்விப்பட்டதும் போய்ச் சேர்ந்துவிட்டாள். மாமியார் சரசா இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் இட்லி சாப்பிட்டாள்.

புருஷன் தங்கராஜ் மேஸ்திரி. நல்லவன்தான். ஆனால் எதையும் முழுதாகச் சொல்லிப் பழக்கமில்லாதவன். இந்தக் கதையில் நடந்த பாதிக் கஷ்டத்துக்கு அந்தப் பழக்கம்தான் காரணம், மீதிப் பாதிக்கும் அதுவே காரணமாகப் போகிறது.

இன்று காலை எழிலரசிக்குப் பயிற்சி முடிவுத் தேர்வு. அதே காலையில் முத்தாபுதுப்பேட்டை வீட்டில் தங்கராஜின் தங்கை சௌம்யாவின் குழந்தைக்குத் தொட்டில் போட்டுப் பெயர் வைக்கிறார்கள். முப்பத்தொன்றாம் நாள். தொட்டில் கட்டப்போவது அந்தப் புது மாடி அறையில், எழிலரசி பூசிய சீலிங்குக்குக் கீழே.

"இன்னிக்குன்னு பார்த்து உனக்குப் பரீட்சையா?" என்றாள் சரசா, வாசலில் கோலமாவு டப்பாவுடன்.

"தேதிய நானா வெச்சேன் அத்தே? மூணு மணிக்குள்ள வந்துடறேன்."

"வா, வராம போ. நீ இல்லாங்காட்டி தொட்டில் ஆடாதா இன்னா?"

சரசா அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் தன் பேருக்கு ஒரு தொட்டில் கட்டாத பெண்ணுக்கு அது எங்கே போய்க் குத்தும் என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். எனக்குச் சரசாவைப் பிடிக்காமல் போவது இந்த மாதிரி நேரத்தில்தான்.

எழிலரசி நீலச் சீருடையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

ஒன்பதரைக்குத் தேர்வு தொடங்கியது. ஆளுக்கு ஒரு சுவர், நாலு மணி நேரம். வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் ராஜசேகரன் எல்லாருடைய போனையும் ஒரு பெட்டியில் வாங்கிப் போட்டார்.

"நடுவுல ஷெட்ட விட்டு வெளிய போனா ஆப்சென்ட். அடுத்த பரீட்சை ஆறு மாசம் கழிச்சு. அப்புறம் என்கிட்ட வந்து அழக்கூடாது."

யாரும் அழுகிற மாதிரி இல்லை. எழிலரசி முதல் கைக் கலவையைச் சுவரில் அடித்தபோது பக்கத்துச் சுவர்க்காரன் எட்டிப் பார்த்தான். அவ்வளவு நேராகப் பிடித்தது. சான்றிதழ் கையில் வந்தால் வானகரத்தில் ஒரு பெரிய கம்பெனி வேலையில் கொத்தனாராகச் சேர்த்துக்கொள்வதாகப் பேச்சு. சித்தாளாக இல்லை, கொத்தனாராக. அந்த வார்த்தையைப் பஸ்ஸில் வரும்போது அவள் வாய்க்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்திருந்தாள்.

பத்தேகால் இருக்கும். பயிற்சியாளர் ஷோபனா ஷெட்டை ஒட்டியிருந்த ஸ்டோர் வாசலில் நின்று மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். இரண்டு தடவை எண்ணினாள்.

"வெங்கட், சிவப்பு நூல் மூட்டை பதினெட்டு இருக்கணும். பன்னெண்டுதான் இருக்கு."

வெங்கட் ஸ்டோருக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. "சிவப்பு நூலா மேடம்? எல்லாம் சிமெண்ட்தானே?"

இங்கே அந்தச் சிவப்பு நூலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பயிற்சிச் சுவரில் இன்று பூசியதை நாளை வழித்துத் தள்ளிவிட்டு மறுபடி பூசுவார்கள். சிமெண்டில் பூசினால் வழிக்க முடியாது. அதனால் சுண்ணாம்பும் சாம்பலும் கலந்து ஒரு பவுடர் வைத்திருப்பார்கள். பார்த்தால் அசல் சிமெண்ட் நிறம். கரணையில் ஏறுவதும் அப்படியே, கொஞ்சம் வழவழப்பு கூடுதல், அவ்வளவுதான். பழைய சிமெண்ட் மூட்டையிலேயே அதை அடைத்து, அடையாளத்துக்கு வாயைச் சிவப்பு நூலால் தைத்துவைப்பார்கள். பயிற்சிக்காரர்கள் அதற்கு வைத்த பெயர் டூப்பு.

டூப்பு ஒட்டும். காயும். ஒரு வாரம், பத்து நாள் சமர்த்தாக நிற்கும். பிறகு ஒரு நாள் மொத்தமாக விட்டுவிடும். சேர்ந்த முதல் வாரமே ஷோபனா அதைச் செய்து காட்டியிருந்தாள். டூப்பு பூசி ஒன்பது நாளான ஒரு மாதிரி சீலிங்குக்குக் கீழே எல்லாரையும் தள்ளி நிற்கவைத்து, கதவை ஓங்கிச் சாத்தினாள். ஒரு பாய் அகலத்துக்குப் பூச்சு அப்படியே பெயர்ந்து விழுந்தது. கீழே இருந்த இரும்புச் சட்டி நசுங்கியது.

"யார் எடுத்தாங்க?" என்று கேட்டாள் ஷோபனா.

வெங்கட் தேர்வு நடக்கும் பக்கம் திரும்பிப் பார்த்தான். "எழிலரசி அக்கா ஊட்டுக்காருதான் மேடம். போன வாரத்துக்கு முன்ன வெள்ளிக்கிழம வந்தாரு. ஊட்ல சீலிங் பூச்சு, லோடு வரல, ஆறு மூட்டை குடு, அடுத்த வாரம் திருப்பித் தந்துடறேன்னாரு. மேஸ்திரியாச்சேன்னு ஏத்தி உட்டேன். எனக்கு இன்னா தெரியும், நூல பத்தி யாரு சொன்னாங்க?"

எழிலரசியின் கையிலிருந்த கலவை தரையில் விழுந்தது.

வெள்ளிக்கிழமை மூட்டை வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அவள் சீலிங் பூசினாள். கீழே தங்கராஜின் ஆட்கள் கலந்து கலந்து மேலே கொடுத்தார்கள், அவள் சாரத்தில் நின்று வாங்கி வாங்கிப் பூசினாள். மூட்டையை அவள் கண்ணால் பார்க்கவே இல்லை. அன்றைக்குக் கலவை வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு ஏறியது. நம் கை தேறிவிட்டது என்று பூரித்துப்போனாள். கை தேறவில்லை. கையில் இருந்தது டூப்பு.

பத்து நாள் ஆகிறது.

பெட்டியிலிருந்து போனை எடுத்துத் தங்கராஜுக்குப் போட்டாள். எடுக்கவில்லை. சரசாவின் போன் வழக்கம்போல பீரோவுக்குள் துணிக்கு நடுவில் தூங்கிக்கொண்டிருக்கும். சௌம்யாவுக்குப் போட்டால் லைன் பிஸி. அவள் புருஷன் நிர்மலுக்கு ஃபேக்டரியில் லீவு கிடைக்கவில்லை, வீடியோ காலில்தான் தொட்டில் பார்க்கப்போகிறான் என்று நேற்றே பேச்சு. மூன்று தடவை போட்டாள். மூன்று தடவையும் பிஸி.

"எழில், போனா ஆப்சென்ட்தான்," என்றாள் ஷோபனா மெல்ல. "நான் சொன்னாலும் அவர் கேக்க மாட்டார்."

"தெரியும் மேடம்."

அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை என்று எழுத எனக்கு ஆசைதான். யோசித்தாள். தன் சுவரைப் பார்த்தாள். மூன்றில் ஒரு பங்கு ஏறியிருந்தது, மட்டப்பலகை வைத்தால் ஒரு நூல்கூட இடைவெளி தெரியாத சுவர். ஆறு மாதம், அதற்குள் மாமியார், அதற்குள் இன்னும் என்னென்னவோ. அரை நிமிஷம் இருக்கும். பிறகு ஓடினாள்.

பூந்தமல்லி–ஆவடி ரோட்டில் ஷேர் ஆட்டோ எப்போது வேகமாகப் போயிருக்கிறது? பருத்திப்பட்டு தாண்டுவதற்குள் எழிலரசி ஏழு தடவை போன் போட்டுவிட்டாள்.

"இன்னாம்மா, ஆஸ்பத்திரியா?" என்று கண்ணாடியில் பார்த்துக் கேட்டார் ஆட்டோக்காரர்.

"இல்லண்ணா. ஊட்டுக்கு. சீக்கிரம் போங்க."

அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வழியில் இரண்டு பேருக்கு நிறுத்தாமலே போனார். எழிலரசி மனசுக்குள் அந்தச் சீலிங்கை மூலை மூலையாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். தொட்டில் கொக்கி காங்கிரீட்டில் இருக்கிறது, அது விழாது. சுற்றியிருக்கும் பூச்சுதான். பத்துக்குப் பன்னிரண்டு அறை. எங்கே விட்டாலும் தொட்டிலுக்குத்தான் வரும். இதில் சீலிங் ஃபேன் வேறு ஆடிக்கொண்டிருக்கும்.

ஆவடியில் வேறு ஆட்டோ. வீட்டு வாசலில் இறங்கும்போது மணி பதினொன்று நாற்பது.

மாடி அறை நிறைய ஆட்கள். குழந்தைக்கு வர்ஷா என்று பெயர் வைத்து, காதில் மூன்று தடவை சொல்லித் தொட்டிலில் போட்டிருந்தார்கள். சரசா ஆட்டிக்கொண்டிருந்தாள். தலைக்கு மேல் ஃபேன் முழு வேகத்தில் சுற்றியது. எழிலரசி முதலில் போய் ஃபேன் சுவிட்சை அணைத்தாள்.

"கொழந்தைய தூக்குங்க. எல்லாரும் கீழ போங்க."

நீலச் சீருடை, முழங்கை வரை காய்ந்த சிமெண்ட், கையில் கரணை. கரணையை ஷெட்டிலிருந்து கையோடு எடுத்து வந்திருப்பதே அவளுக்குத் தெரியாது. யாருக்கும் ஒன்றும் புரியவில்லை.

"இன்னாடி ஆச்சு உனக்கு?" என்றாள் சரசா.

"சீலிங் பூச்சு சரியில்ல அத்தே. உழுந்துடும். மொதல்ல கொழந்தைய தூக்குங்க, அப்புறம் சொல்றேன்."

அவள் தொட்டில் பக்கம் குனிய, சரசா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். சௌம்யாவின் மாமியார் கஸ்தூரி நாற்காலியிலிருந்து எழுந்தாள். ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் இருபத்தைந்து வருஷம் குடியிருந்தவள், சத்தம் போட்டுப் பேச மாட்டாள்.

"தொட்டில் போட்ட அரை மணியில இறக்கச் சொல்றா. விழுந்துடும்ங்கறா. நல்ல நாள்ல வாயில வர்ற வார்த்தையா இது? இவளுக்கு என்ன மனசுன்னு எனக்குப் புரியுது சம்பந்தியம்மா. உங்களுக்கும் புரியும்."

எல்லாருக்கும் புரிந்தது. பிள்ளை இல்லாதவள், பொறுக்கவில்லை. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, எழிலரசியை நேராகப் பார்க்கவும் இல்லை. அடிபட்ட மாதிரி இருந்தது அவளுக்கு. ஆனாலும் கையை எடுக்கவில்லை.

சௌம்யாதான் போனைக் கட்டிலில் வீசிவிட்டு முன்னால் வந்தாள். நிர்மல் அதற்குள்ளிருந்து ஹலோ ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"அண்ணி பரீட்சைய உட்டுட்டு வந்து கீறாங்கம்மா. சும்மா வருவாங்களா?" என்று சொல்லிக் குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று படி இறங்கினாள். அவள் போனதும் மற்றவர்களும் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்கள். சரசா மட்டும் வாசற்படியில் நின்றாள்.

எழிலரசி ஏணியை இழுத்துப் போட்டு ஏறினாள். கரணையின் மரப்பிடியால் சீலிங்கைத் தட்டினாள்.

கெட்டியான சத்தம்.

நம்ப முடியாமல் பக்கத்தில் தட்டினாள். அங்கேயும் கெட்டி. விடப்போகிற பூச்சு பொக்குப் பொக்கென்று வெறும் பானையைத் தட்டிய மாதிரி கேட்கும். இது கேட்கவில்லை. ஏணியை நகர்த்தி நகர்த்தி நாலு மூலையும் தட்டினாள். கரணை முனையால் அழுத்திக் கீறினாள். டூப்பாக இருந்தால் மாவு கொட்டும். ஒரு வெள்ளைக் கோடுகூடச் சரியாக விழவில்லை.

சிமெண்ட். சுத்தமான சிமெண்ட்.

அப்படியானால் அன்றைக்கு வழுக்கிக்கொண்டு ஏறியது அவள் கைதான். ஏணி மேல் நின்றபடி ஒரு மூச்சு நேரம் எழிலரசிக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை நான் மறைக்க மாட்டேன். அடுத்த மூச்சில் கீழே நிற்கும் சரசாவின் முகம் தெரிந்தது.

"உழுமா?"

"இல்ல அத்தே. கெட்டியா கீது."

சரசா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "சம்பந்தி முன்னாடி என் மானத்த வாங்கிட்டியே. இனிமே ராகு காலம். தொட்டிலத் திரும்ப ஏத்தக்கூட முடியாது. போ. என் கண்ணு முன்னாடி நிக்காத."

பரீட்சையும் போய், வீட்டில் பெயரும் போய் எழிலரசி ஏணியை விட்டு இறங்கினாள். கடைசிப் படியில் அப்படியே நின்றுவிட்டாள்.

ஆறு மூட்டை இங்கே இல்லை. ஸ்டோரிலும் இல்லை.

கீழே கஸ்தூரி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். சௌம்யா கண்ணால் என்ன என்று கேட்டாள். எழிலரசி கையை அசைத்துவிட்டு வாசலுக்குப் போனாள். மறுபடி தங்கராஜுக்குப் போட்டாள். போட்டுக்கொண்டே இருந்தாள்.

பன்னிரண்டரைக்குத் தங்கராஜ் வந்தான். வண்டியில் முன்னால் வாழையிலைக் கட்டு, பின்னால் பாயச வாளி. தெருமுனையில் அவனைப் பார்த்ததும் எழிலரசி நடுத்தெருவுக்கே போய் நிறுத்தினாள்.

"ஏன் போன எடுக்கல?"

"காலைலேர்ந்து எலை, பாயசம்னு வண்டிலயே கீறேன், வாளி ஆடுது, எப்டி எடுக்கறது? நீ இன்னா இங்க? பரீட்சை?"

"வெங்கட்டாண்ட வாங்குன ஆறு மூட்டை எங்க?"

அவன் முகம் சுருங்கியது. சொல்லாமல் செய்த காரியம் மாட்டிக்கொண்டது என்று மட்டும்தான் அவனுக்குத் தோன்றியது. "அதத்தான் திருப்பித் தரேன்னு சொல்லி கீறேன் இல்ல. அதுக்குள்ள உன்னாண்ட சொல்லிட்டானா?"

"எங்க போட்ட, சொல்லு."

"சனிக்கிழம சாயங்காலமே நம்ம லோடு வந்துட்ச்சு. ஊட்டுக்கு அதத்தான் போட்டோம். இது சும்மாதானே கீதுன்னு திங்கக்கிழம வானகரத்துல நான் எடுத்த ஒரு வேலைக்கு ஏத்தி உட்டேன்."

"மூட்டைய நீ பிரிச்சியா?"

"நான் ஏன் பிரிக்கறேன்? அங்க வேல பாக்கற தினேஷ் ஆளுங்கதான் பிரிச்சு கலந்தாங்க. ஏன், கட்டி தட்டிப் போச்சா?"

எழிலரசி சொன்னாள். நூலைப் பற்றி, பவுடரைப் பற்றி, ஷோபனா சாத்திய கதவைப் பற்றி. சொல்லச் சொல்ல தங்கராஜின் கை பாயச வாளியின் பிடியை இறுக்கியது. பதினைந்து வருஷம் பூச்சு வேலை பார்த்தவனுக்கு மீதியை விளக்க வேண்டியதில்லை.

"வானகரத்துல எந்த எடம்?"

அவன் வண்டியை ஓரமாகத் தள்ளி ஸ்டாண்ட் போட்டான்.

"சுவரா, சீலிங்கா? அதயாவது சொல்லு."

"சீலிங்கு," என்றான். குரல் அவனுடையது மாதிரியே இல்லை. "பழைய பூச்சு பேந்து உழுது, புதுசா போட்டுக் குடுங்கன்னு கேட்டாங்க."

"யாரு கேட்டாங்க?"

"ஃப்ளாட்டுக்குக் கீழ, சின்னப் புள்ளைங்கள பாத்துக்கற எடம். கம்பெனி வேலைக்குப் போறவங்க காலைல கொண்ணாந்து உட்டுட்டுப் போவாங்களே, அது."

"எந்த ரூமு?"

தங்கராஜ் வாளியைத் தரையில் வைத்தான். சரியாக வைக்கவில்லை, பாயசம் கொஞ்சம் சிந்தியது. "பின்னாடி ரூமு. பன்னெண்டரைக்கு முன்ன வேலைய முடிச்சுக்கோங்க மேஸ்திரி, அப்பாலிக்கு உள்ள வரக்கூடாதுன்னு டெய்லி சொல்வாங்க."

"ஏன் வரக்கூடாது?"

அவன் சட்டைப் பையில் போனைத் தேடினான். அவசரத்தில் இரண்டு தடவை தவறான நம்பர் விழுந்தது. எழிலரசி பிடுங்கி, அவன் சொன்ன பெயரைத் தேடி அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டாள். மணி பன்னிரண்டு நாற்பது. முத்தாபுதுப்பேட்டையிலிருந்து வானகரத்துக்கு எப்படிப் பறந்தாலும் முக்கால் மணி நேரம்.

நாலாவது ரிங்கில் எடுத்தார்கள். ஒரு பெண்ணின் குரல், ரகசியம் பேசுகிற குரல்.

"மேஸ்திரி, இந்த நேரத்துல கூப்பிடாதீங்கன்னு சொல்லியிருக்கேன் இல்ல. பின்னாடி ரூம்ல பதினாலு பிள்ளைங்களும் இப்பதான் கண்ணசந்துச்சுங்க. ரெண்டு மணிக்குப் பேசுங்க."

"மேடம், வெச்சுடாதீங்க, அந்த ரூம்ல…" என்று எழிலரசி கத்தினாள்.

அதற்குள் லைன் கட்டாகியிருந்தது. மறுபடி போட்டாள். ரிங் போய்க்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.